தவுனோவின் சட்டை ஜமக்காளம்

ஹெல்சிங்கியில் பெஞ்சு என்பது ஒரு ஆளுக்கானது. நாலு பேர் உட்காரட்டும் என்று நினைத்துத்தான் தச்சர் அதை நீளமாகச் செய்திருப்பார். ஆனால் ஒருவர் உட்கார்ந்துவிட்டால் அடுத்து வருபவர் வேறு பெஞ்சு தேடிப் போவார், கிடைக்காவிட்டால் நிற்பார். டிராம் வண்டியிலும் இதே கதைதான். மார்கெத்தா முப்பது வருஷம் டிராம் ஓட்டி, போன வருஷம்தான் ஓய்வு பெற்றவள். பின்னால் பாதி இருக்கைகள் காலியாகக் கிடக்க, ஜனங்கள் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே வருவதைத் தினமும் கண்ணாடியில் பார்த்தவள். அதில் அவளுக்கு ஒரு விசித்திரமும் தெரிந்ததில்லை. பயணியாக ஏறினால் அவளும் அப்படித்தான் நிற்பாள்.

அதனால் அந்த ஜூலை மாத மத்தியானம், கடற்கரைச் சலவைத்துறையில் இத்தனை பெஞ்சுகள் காலியாகக் கிடக்க, ஒரு குட்டையான வெளிநாட்டுப் பெண் நேராக நடந்து வந்து தன் பக்கத்தில் தொப்பென்று உட்கார்ந்தபோது, மார்கெத்தாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. பாவம், மயக்கம் வருகிறதோ என்றுதான் முதலில் நினைத்தாள்.

"ஹலோ அக்கா!" என்றாள் வந்தவள், ஆங்கிலத்தில். "என் பேரு மெர்லிண்டா. பிலிப்பைன்ஸ். தனியா ஊர் சுத்திப் பாக்க வந்திருக்கேன்."

மயக்கம் இல்லை. பேச வந்திருக்கிறாள். மார்கெத்தாவின் ஆங்கிலம் டிராமில் கற்ற ஆங்கிலம். டிக்கெட், அடுத்த நிறுத்தம், இடது பக்கம் திரும்புங்கள், அவ்வளவுதான் அதன் எல்லை. அதை வைத்துக்கொண்டு சமாளிக்க வேண்டியதாயிற்று.

எதிரே மரச்சட்டங்களில் ஜமக்காளங்கள் காய்ந்துகொண்டிருந்தன. கோடை வந்தால் ஊர்க்காரர்கள் வீட்டு ஜமக்காளங்களைத் தூக்கிக்கொண்டு இந்தத் துறைக்கு வந்துவிடுவார்கள். பைன் மரச் சோப்புப் போட்டு, நீளமான பலகையில் விரித்துப் பிரஷ்ஷால் தேய்த்து, தொட்டியில் அலசி, உருளைக்குள் விட்டுப் பிழிந்து, சட்டத்தில் போட்டுவிட்டுப் போவார்கள். காய்ந்ததும் வந்து எடுத்துக்கொள்வார்கள். காய ஒரு நாளும் ஆகலாம், மூன்று நாளும் ஆகலாம்.

"இதெல்லாம் உங்க ஜமுக்காளமா?"

"ஒண்ணுதான்."

"மத்தது?"

"மத்தவங்களோடது."

"அவங்க எங்க?"

"வீட்டுல."

"அப்ப இதையெல்லாம் யாரு பாத்துக்கறது?"

மார்கெத்தாவுக்குக் கேள்வியே புரியவில்லை. ஜமக்காளத்தில் பார்த்துக்கொள்ள என்ன இருக்கிறது? அது குழந்தையா? "யாரும் எடுக்க மாட்டாங்க," என்றாள், கொஞ்சம் பெருமையாகவே.

மெர்லிண்டா வாயைப் பிளந்தாள். பிறகு மூச்சு விடாமல் தன் கதையைச் சொன்னாள். இலோய்லோ என்ற ஊரில் ஒரு பல் டாக்டரிடம் வரவேற்பு மேசையில் வேலை. கூடப் பிறந்தவர்கள் ஆறு பேர். பிறந்ததிலிருந்து ஒரு நாள்கூடத் தனி அறையில் தூங்கியதில்லை. ஐம்பது வயசு வந்ததும், ஒரு வாரமாவது எங்கேயாவது தனியாக, சத்தமே இல்லாத ஊருக்குப் போய்விட்டு வர வேண்டும் என்று பிடிவாதம் பிடித்துக் கிளம்பிவிட்டாள். விமான நிலையத்தில் தங்கைகள் ஒப்பாரி வைத்திருக்கிறார்கள்.

"வந்து மூணு நாள் ஆச்சு அக்கா. அமைதின்னா அமைதி, அப்படி ஒரு அமைதி! காது அடைச்சுக்கிச்சோன்னு டாக்டர்கிட்ட போகலாமான்னுகூடப் பாத்தேன்." அவளே சிரித்தாள். பின்னால் கையை நீட்டிக் காட்டினாள். "அதோ, அந்த மஞ்ச வீடு, ரெண்டாவது மாடி, அங்கதான் வாடகைக்குத் தங்கியிருக்கேன். ஜன்னலத் தொறந்தா இந்தச் சட்டம்தான் தெரியும். காலையில நீங்க தேய்க்கறதப் பாத்துக்கிட்டே இருந்தேன். மத்தவங்கல்லாம் போட்டு அடிக்கறாங்க. நீங்க மட்டும் குழந்தையக் குளிப்பாட்டற மாதிரி தேய்ச்சீங்க. யாரு நெஞ்சது?"

"நான்தான்."

"என்ன துணி?"

"பழைய சட்டைங்க," என்றாள் மார்கெத்தா. யாருடைய சட்டைகள் என்று சொல்லவில்லை. மேகம் கறுத்துக்கொண்டு வருவதைச் சாக்காக வைத்து எழுந்துவிட்டாள்.

சட்டைகள் தவுனோவுடையவை. தவுனோ அவள் புருஷன். கப்பல் கட்டும் தளத்தில் வெல்டர் வேலை பார்த்தவன். பேச்சில் சிக்கனம் பார்க்கிற இந்த ஊரில் அவன் ஒரு ஊதாரி. பஸ் நிறுத்தத்தில் பேசுவான், மீன் கடையில் பேசுவான், லிஃப்டில் மாட்டிக்கொண்டவர்களை விடவே மாட்டான். அவன் வருவதைப் பார்த்து எதிர்ப்பக்கம் சாலையைக் கடந்துபோனவர்கள் உண்டு. 'ஓட்டுநரிடம் பேசாதீர்கள்' என்று எழுதியிருந்த பலகைக்குக் கீழே நின்றுகொண்டு அவளிடம் ஆறு மாதம் பேசி, அவளைக் கல்யாணமும் செய்துகொண்டவன். வீட்டுக்கு வேண்டிய பேச்சு முழுவதையும் அவனே பேசிவிட்டதால் மார்கெத்தாவுக்கு அந்தத் தொல்லை இருக்கவில்லை. அவள் கேட்டால் போதும்.

இரண்டு குளிர்காலத்துக்கு முன்னால் மாரடைப்பில் அவன் போய்விட்டான். வந்தவர்கள் எல்லோரும் அவள் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள், காப்பி குடித்தார்கள், போனார்கள். அதன் பிறகு ஒருவரும் அவன் பெயரை எடுக்கவில்லை. எடுக்காமல் இருப்பதுதான் இங்கே மரியாதை. கீழ்வீட்டு ரெய்யோ, தவுனோவோடு ஆயுசு முழுக்க மீன் பிடிக்கப் போனவன், அந்தக் குளிர்காலம் முழுவதும் அவள் வாசலில் விழுந்த பனியை விடிவதற்குள் வாரித் தள்ளிவிட்டுப் போனான். ஆனால் படியில் எதிர்ப்பட்டால் தலையை ஆட்டுவதோடு சரி. டிராம் பணிமனையில் கூட வேலை பார்த்த ஹெல்லெவி கிறிஸ்துமஸுக்கு வந்தாள், உருளைக்கிழங்கின் விலையைப் பற்றிப் பேசினாள், போய்விட்டாள். ஊர் அவனை மறந்துவிட்டது என்றே மார்கெத்தா முடிவு கட்டிவிட்டாள். அந்த நினைப்பு அவளைத் தின்றது. அவளாக யாரிடமும் ஆரம்பிக்கவும் தெரியவில்லை. ஆரம்பிக்கிற வேலையை எப்போதும் அவன்தானே செய்தான்!

முதல் வருஷம் அவன் சட்டைகளை அலமாரியிலேயே வைத்திருந்தாள். பிறகு ஒரு நாள் எல்லாவற்றையும் எடுத்து நீளநீளமாகக் கிழித்து, நகராட்சி நடத்தும் நெசவு வகுப்புக்குக் கொண்டுபோய், ஒரு ஜமக்காளமாக நெய்துவிட்டாள். கூடத்தில் விரித்தாள். விரித்தாளே தவிர, மிதிக்க மனசு வரவில்லை. சமையலறைக்குப் போக வேண்டுமென்றால் சுவரை ஒட்டிக்கொண்டு சுற்றித்தான் போவாள். "என்னடி, கூடத்துல குளமா வெட்டி வெச்சிருக்க?" என்று ஹெல்லெவி ஒருமுறை கேலி செய்தாள். ஏன் என்று மட்டும் கேட்கவில்லை.

அப்படிப் பொத்திப் பொத்தி வைத்திருந்ததன்மேல், இந்தக் கோடையில் ஒரு முழுக் கெண்டிக் காப்பியை அவளே கைதவறிக் கொட்டினாள். தன்னைத்தானே திட்டிக்கொண்டாள். வேறு வழியில்லாமல்தான் துறைக்கு எடுத்துக்கொண்டு வந்தாள்.

அன்று சாயங்காலம் மழை பிடித்துக்கொண்டது. மார்கெத்தா அலட்டிக்கொள்ளவில்லை. சட்டத்தில் கிடக்கிற ஜமக்காளத்துக்கு மழை நல்லது, மிச்சம் மீதி சோப்பையும் அலசிவிடும் என்பது இங்கே எல்லோருக்கும் தெரிந்த விஷயம். புது உருளைக்கிழங்கை வேகவைத்து, உப்பில் ஊறவைத்த மீனோடு சாப்பிட்டுவிட்டு, மழைச் சத்தத்தைக் கேட்டபடி நிம்மதியாகத் தூங்கினாள்.

காலையில் மழை விட்டு வெயில் அடித்தது. துறைக்குப் போனாள். சட்டங்கள் மொட்டையாக நின்றன.

ஒன்றுகூட இல்லை. அவளுடையது மட்டுமல்ல, ஹெல்லெவியின் நாலு ஜமக்காளங்கள், ரெய்யோ வீட்டு நடைவழி ஜமக்காளம், இன்னும் யார் யாருடையதோ, எல்லாமே போய்விட்டன. ஏற்கனவே ஏழெட்டுப் பேர் வந்திருந்தார்கள். இதுவே வேறு ஊராக இருந்தால் இந்நேரம் ஊர் கூடி, கத்தி, ஒருத்தர் போலீசுக்கு ஓட, இன்னொருத்தர் தலையிலடித்துக்கொண்டிருப்பார். எங்கள் ஜனங்கள் ஆளுக்கு ஒரு சட்டத்தின் முன்னால், தள்ளித் தள்ளி நின்று, காலியாக இருந்த கட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ரெய்யோ ஒருமுறை குனிந்து சட்டத்துக்கு அடியில்கூடப் பார்த்தான்.

மார்கெத்தா காலிக் கட்டையைத் தடவிப் பார்த்தாள். அலமாரியில் ஒரு சட்டைகூட மிச்சம் வைக்காமல் கிழித்திருந்தாள். தவுனோ உடுத்தியது என்று சொல்ல இனி உலகத்தில் இருப்பது அந்த ஒரு ஜமக்காளம்தான். அதையும் கொண்டுவந்து தெருவில் போட்டுவிட்டுப் போய்த் தூங்கியிருக்கிறாள். யாரும் எடுக்க மாட்டார்கள் என்று பெருமை வேறு!

அந்த நினைப்போடு கூடவே இன்னொன்றும் வந்தது. யாரிடம் அந்தப் பெருமை பேசினாள்?

ஹெல்லெவியின் மூளையும் அங்கேதான் போயிருந்தது. அவள்தான் முதலில் வாயைத் திறந்தாள். "நேத்து உன் பக்கத்துல ஒருத்தி ஒட்டிக்கிட்டு உக்காந்திருந்தாளே, யாரு அவ?"

"சுத்திப் பாக்க வந்த பொம்பள."

"என்ன கேட்டா?"

"யாரு பாத்துக்கறதுன்னு கேட்டா."

சட்டங்களின் முன்னால் நின்றிருந்த தலைகள் எல்லாம் ஒரே சமயத்தில் திரும்பின.

"சரியாப் போச்சு!" என்றாள் ஹெல்லெவி. "ஒருத்தி வந்து, காவல் யாருன்னு விசாரிச்சிருக்கா. நீயும் யாருமில்ல தாயே, வாரிக்கிட்டுப் போன்னு சொல்லி அனுப்பியிருக்க. போலீசுக்குச் சொல்ல வேண்டியதுதான்."

"இத்தன ஈர ஜமுக்காளத்த வெச்சுக்கிட்டு ஒருத்தி என்ன பண்ணுவா ஹெல்லெவி? விமானத்துலயா ஏத்துவா?"

"அது போலீஸ் கேக்கும்."

மார்கெத்தாவுக்கு அந்தப் பெண்ணின் சிரிப்பு ஞாபகம் வந்தது. தனியாக வந்தவள். அவள் கதவைப் போலீஸ்காரன் தட்டினால் எப்படி இருக்கும்? ஆனால் அவள்தான் எடுத்தாள் என்றால்? மார்கெத்தாவும் உள்ளுக்குள் அவளைத்தான் சந்தேகப்பட்டாள், சந்தேகப்படுகிறோமே என்று வெட்கமும் பட்டாள். இரண்டும் சேர்ந்து அவளை நெட்டித் தள்ளின.

"நானே போய்க் கேக்கறேன்."

"எங்க?"

"அந்த மஞ்ச வீட்டுல. ரெண்டாவது மாடியாம்."

ஹெல்லெவிக்கு முகம் ஒரு மாதிரி ஆனது. "அது நான் இருக்கற கட்டடம்."

சொல்லாமல் கொள்ளாமல் ஒரு வீட்டு மணியை அடிப்பது என்பது இங்கே சின்ன விஷயம் அல்ல. மார்கெத்தா தன் அறுபது வருஷ வாழ்க்கையில் அதைச் செய்ததே இல்லை. சொந்த அக்காள் வீட்டுக்குப் போவதென்றால்கூட இரண்டு நாள் முன்னால் போன் செய்துவிடுவாள். இப்போது முன்பின் தெரியாத ஒருத்தியின் வாசலில், அதுவும் காலை வேளையில்! ஹெல்லெவி பின்னாலேயே வந்தாள். ரெய்யோவும் வந்தான், ஆனால் தெருக் கதவோடு நின்றுவிட்டான். "நான் இங்க நிக்கறேன்," என்றான். அவனுக்கு அதுவே ஒரு நீண்ட சொற்பொழிவு.

மார்கெத்தா விரலை மணிமேல் வைத்தாள், எடுத்தாள், மறுபடி வைத்தாள். ஹெல்லெவி பொறுமை இழந்து அவள் விரலோடு சேர்த்து அழுத்திவிட்டாள்.

கதவு படாரென்று திறந்தது. தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு மெர்லிண்டா நின்றாள். முகமெல்லாம் சிரிப்பு.

"அக்கா! வந்துட்டீங்களா! வாங்க, வாங்க! கவலையே படாதீங்க, எல்லாம் பத்திரமா இருக்கு. ஒண்ணுகூட நனைய விடல!"

மார்கெத்தா அங்கேயே, வாசலில் செருப்புப் போட்டுக்கொள்ள வைத்திருந்த முக்காலியில் உட்கார்ந்துவிட்டாள். நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்த பாரம் இறங்கிய வேகத்தில் அவளுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. கிடைத்துவிட்டது. போகவில்லை. யாரும் எடுத்துக்கொண்டு போகவில்லை. இந்தப் பொம்பளை திருடி இல்லை. இந்தக் கடைசி விஷயத்தில் அவளுக்கு ஏற்பட்ட நிம்மதி, ஜமக்காளம் கிடைத்த நிம்மதிக்குக் கொஞ்சமும் குறைவில்லை.

"எங்க?" என்று கேட்டாள் ஹெல்லெவி.

"படகுக் கொட்டகையில! மழை வருதுன்னதும் ஜன்னல் வழியாப் பாத்தேன். இத்தன துணி கெடக்கு, ஒருத்தரும் வரல. மனசு கேக்குமா? செருப்புகூடப் போடாம ஓடினேன். ஒண்ணொண்ணும் என்ன கனம்! ஈரத்துல ஆளையே இழுக்குது. ஒவ்வொண்ணா இழுத்துக்கிட்டுப் போய்ச் சேத்தேன். எங்க ஊர்ல மழை வந்தா யாரு வீட்டுத் துணின்னு பாக்க மாட்டோம், எடுத்து உள்ள போட்டுட்டுத்தான் மறுவேலை."

படகுக் கொட்டகை சலவைத்துறைக்குப் பக்கத்திலேயேதான் இருக்கிறது. துடுப்புப் படகுச் சங்கத்துக்குச் சொந்தம். கதவுக்குப் பூட்டுக் கிடையாது, வெறும் கொக்கிதான். ஏழெட்டுப் பேர் காலையிலிருந்து அதன் நிழலில் நின்றுகொண்டுதான் காலிச் சட்டத்தை வெறித்திருக்கிறார்கள். ஆனால் தன்னுடையதல்லாத ஒரு கதவின் கொக்கியைத் தூக்கி உள்ளே எட்டிப் பார்க்கலாம் என்ற எண்ணம் ஒருத்தருக்காவது வந்தால்தானே! பெயர்ப்பலகை வேறு இருக்கிறது, சங்கத்துக்குச் சொந்தம் என்று. அதற்கு மேல் என்ன செய்வது?

"யாருகிட்டயாவது சொல்லியிருக்கலாமே," என்றாள் ஹெல்லெவி, குரல் இன்னும் இறங்காமல்.

"சொல்லலாம்னுதான் பாத்தேன்! கீழ் வீட்டு மணிய அடிச்சேன். உள்ள ரேடியோ பாடிக்கிட்டிருந்தது. மணி அடிச்சதும் டக்குன்னு நின்னு போச்சு. அப்புறம் ஒரு சத்தமும் இல்ல. யாருக்கோ உடம்பு சரியில்ல போலன்னு வந்துட்டேன்."

ஹெல்லெவியின் முகம் சிவந்தது. கழுத்து சிவந்தது. காது மடல்கூடச் சிவந்தது.

"அது... நான்தான்," என்றாள். "சொல்லாம யாரோ மணி அடிக்கறாங்களேன்னு ரேடியோவ அணைச்சிட்டு மூச்சு விடாம உக்காந்திருந்தேன்."

மார்கெத்தாவுக்கு அடக்க முடியவில்லை. எத்தனையோ காலம் கழித்து அவள் வாய்விட்டுச் சிரித்தாள். அந்தச் சிரிப்பு மாடிப்படி முழுக்க எதிரொலித்தது. கீழே தெருக் கதவில் நின்ற ரெய்யோ பயந்துபோய் மேலே ஏறி வந்தான்.

கொட்டகையைத் திறந்தபோது வாடை குப்பென்று அடித்தது. மெர்லிண்டா தன் வீட்டுத் துணியைப் போலவே எல்லாவற்றையும் அழகாக நாலாய் மடித்து ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருந்தாள். ஈர ஜமக்காளத்தை மடித்து அடுக்கினால் ராத்திரிக்குள் என்ன ஆகும் என்பது மூக்கு இருக்கிறவர்களுக்குத் தெரியும். ஒன்று மட்டும் மடிக்கப்படாமல், கவிழ்த்துப் போட்டிருந்த ஒரு படகின்மேல் அகலமாக விரிந்து கிடந்தது.

"அது உங்களோடது," என்றாள் மெர்லிண்டா. "நீங்க தேய்ச்ச விதத்தப் பாத்தேன்ல. அத மடிக்க மனசு வரல."

மார்கெத்தா போய் அதைத் தொட்டாள். ஈரம்தான், படகு வாடை ஏறியிருந்தது, ஆனால் ஒரு நூல் பிரியவில்லை.

எல்லாவற்றையும் மறுபடி துவைக்க வேண்டும் என்பது மெர்லிண்டாவுக்கு அப்போதுதான் விளங்கியது. கன்னத்தில் கையை வைத்துக்கொண்டாள். "ஐயையோ! நான் கெடுத்துட்டேனா? அப்ப மழை பெஞ்சா நீங்க என்னதான் பண்ணுவீங்க?"

"ஒண்ணும் பண்ண மாட்டோம்," என்றாள் ஹெல்லெவி. "மழை பெய்யும். அப்புறம் நிக்கும். அப்புறம் காயும்."

"துணி நனையறதப் பாத்துக்கிட்டுச் சும்மா உக்காந்திருப்பீங்களா?"

"ஆமா."

"எப்படி முடியுது உங்களால!"

ஒருவருக்கும் கோபம் வரவில்லை. திருட்டுப் போகவில்லை என்ற நிம்மதி எல்லோருக்கும் பொதுவாக இருந்தது. தங்கள் ஊர் இன்னும் தங்கள் ஊராகத்தான் இருக்கிறது என்ற சந்தோஷத்தில் ஆளுக்கு ஒரு பிரஷ்ஷை எடுத்துக்கொண்டார்கள். ஹெல்லெவி வீட்டுக்குப் போய் ஒரு பிளாஸ்க் காப்பியும் ஏலக்காய் வாசனையோடு ரொட்டிச் சுருள்களும் கொண்டுவந்து முதலில் மெர்லிண்டாவிடம் நீட்டினாள். மன்னிப்பு என்ற வார்த்தையை அவள் சொல்லவில்லை. பெரிய சுருளாகப் பொறுக்கிக் கொடுத்தாள்.

மெர்லிண்டா பேண்ட்டை முழங்காலுக்குச் சுருட்டிக்கொண்டு மார்கெத்தாவுக்கு எதிரே பலகையில் நின்றாள். இரண்டு பேரும் இரண்டு முனையிலிருந்து தேய்த்தார்கள். நடுவில் வந்ததும் மெர்லிண்டாவின் கை நின்றது.

"யாரு சட்டை அக்கா இதெல்லாம்?"

பலகைகளில் பிரஷ் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. மார்கெத்தா தண்ணீரைப் பார்த்தாள், சோப்பு நுரையைப் பார்த்தாள். பக்கத்துப் பலகையில் ஹெல்லெவி இருந்தாள், அதற்கடுத்து ரெய்யோ. ஆனால் ஒருத்தி கேட்டுவிட்டாள். முகத்துக்கு நேரே, நேரடியாக, இரண்டு வருஷத்தில் முதல் முறையாக ஒருத்தி கேட்டுவிட்டாள்.

"என் வீட்டுக்காரரோடது," என்றாள். "இறந்துட்டாரு. தவுனோன்னு பேரு."

பெயரை வாயால் சொன்னதும் அவளுக்கே விசித்திரமாக இருந்தது. மூச்சு முட்டவில்லை. வானம் இடிந்து விழவில்லை. ஆங்கிலம் போதவில்லை என்று பாதியில் தன் தாய்மொழியான பின்னிஷுக்குத் தாவினாள். மெர்லிண்டாவுக்குப் புரியாவிட்டாலும் தலையை ஆட்டிக்கொண்டே கேட்டாள்.

"இந்த நீலம் எல்லாம் வேலைச் சட்டை. வெல்டிங் பொறி பட்டு ஓட்ட ஓட்டையா இருக்கும். இந்த வெள்ள, கல்யாணச் சட்டை. அப்புறம் தொந்தி வந்து போடவே முடியல. ஆனாலும் போடுவேன்னு அலமாரியில வெச்சிருந்தாரு. இந்தச் செவப்புக் கட்டம் நான் வாங்கிக் குடுத்தது, அவருக்குப் பிடிக்கல. பிடிக்கலன்னு ஒரு மணி நேரம் பேசினாரு, அப்புறம் தினம் போட்டாரு."

"இந்தப் பச்சை?" என்று கேட்டாள் மெர்லிண்டா.

"அது அவரோட ஞாயித்துக்கிழமைச் சட்டை. அது மேல அவருக்கு உசுரு. எங்க வாங்கினாருன்னு தெரியாது."

"அது என் சட்டை."

எல்லோரும் திரும்பினார்கள். பேசியது ரெய்யோ. கையில் பிரஷ்ஷோடு, சோப்புத் தண்ணீர் முழங்கை வழியாக வடிய, ஜமக்காளத்தின் பச்சைக் கோட்டையே முறைத்துக்கொண்டு நின்றான்.

"என்ன?" என்றாள் மார்கெத்தா.

"என் சட்டை. தீவுக்கு மீன் பிடிக்கப் போனப்ப, பேசிக்கிட்டே படகுல இருந்து விழுந்தான். குளுருல நடுங்கறானேன்னு என் உடம்புல இருந்து கழட்டிக் குடுத்தேன். அப்புறம் கேட்டா, காத்துல பறந்து கடலோட போச்சுன்னு சொன்னான். என் கண்ணப் பாத்துச் சொன்னான்!"

"அவரு பத்து வருஷம் போட்டாரு அத!"

"நான் பாத்ததே இல்லையே!"

மார்கெத்தா பிரஷ்ஷைக் கீழே போட்டாள். "அட கடவுளே! நீ வர்றேன்னு தெரிஞ்சா உள்ள ஓடிப்போய்ச் சட்டைய மாத்திக்கிட்டு வருவாரு. நான் என்னடான்னா, உம்மேல எம்புட்டு மரியாதைன்னு நெனச்சுக்கிட்டிருந்தேன்!"

முதலில் சிரித்தது ஹெல்லெவிதான். பிறகு துறை முழுக்கச் சிரித்தது. ரெய்யோ சிரிக்க ஆரம்பித்து, பாதியில் முகத்தைத் திருப்பிக்கொண்டு முழங்கையால் கண்ணைத் துடைத்தான். சோப்பு கண்ணில் பட்டு மேலும் அழ வேண்டியதாகிவிட்டது. "திருட்டுப் பய," என்றான். "ஒவ்வொரு தடவ படகெடுக்கும்போதும் அவன் நெனப்புதான் எனக்கு. பேச்சுச் சத்தம் இல்லாம மீனே சிக்க மாட்டேங்குது."

"ஏன் என்கிட்ட சொல்லல?"

"உனக்குக் கஷ்டமா இருக்குமேன்னு."

"நானும் அதனாலதான்," என்றாள் ஹெல்லெவி. "டிராம்ல அவரு உன்கிட்ட பேசிக்கிட்டு வர்றத நாங்க பணிமனையே சேந்து கேலி பண்ணுவோமே. உனக்கு வலிக்குமேன்னுதான் வாயத் தொறக்கல."

மார்கெத்தா அவர்களைப் பார்த்தாள். மறந்துவிட்டார்கள் என்று இரண்டு வருஷம் அவள் மனசுக்குள் போட்டு அரைத்தவர்கள் இவர்கள்தான். யாரும் மறக்கவில்லை. அவளுக்காகவே ஆளுக்கு ஆள் வாயைக் கட்டிக்கொண்டு இருந்திருக்கிறார்கள். எப்பேர்ப்பட்ட மடத்தனம் என்று அவளுக்குக் கோபம்கூட வந்தது. ஆனால் கோபத்தைவிட ஆறுதல் பெரிதாக இருந்தது. அவள் அங்கேயே, சோப்புத் தண்ணீரில் நின்றபடி, முகத்தை மறைத்துக்கொள்ளாமல் அழுதாள். மெர்லிண்டா ஈரக் கையோடு அவளைச் சேர்த்து அணைத்துக்கொண்டாள். அதைப் பார்க்கக் கூச்சப்பட்டு மற்றவர்கள் எல்லோரும் படுவேகமாகத் தேய்த்தார்கள்.

"வேணும்னா உன் சட்டைய வெட்டி எடுத்துக்கோ," என்றாள் மார்கெத்தா, மூக்கை உறிஞ்சிக்கொண்டு.

"இருக்கட்டும்," என்றான் ரெய்யோ.

அன்று சாயங்காலமும் தூறல் போட்டது. ஜமக்காளங்கள் சட்டத்தில் நனைந்தன. மெர்லிண்டா ஜன்னலில் நின்று கையைப் பிசைந்துகொண்டிருந்தாளாம். தாங்க முடியாமல் செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கியவளைக் கீழ்வீட்டு ஹெல்லெவி கதவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்து பிடித்துவிட்டாள். "தொடாத!" என்று உள்ளே இழுத்து, காப்பி கொடுத்து, மழை நிற்கும்வரை ரேடியோ கேட்க வைத்திருக்கிறாள். மெர்லிண்டா ஊருக்குக் கிளம்பிய அன்று மார்கெத்தா, ஹெல்லெவி, ரெய்யோ மூன்று பேரும் டிராம் ஏறி ரயில் நிலையம்வரை வழியனுப்பப் போனார்கள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மார்கெத்தாவின் வீட்டு மணி அடித்தது. போன் வரவில்லை, முன்கூட்டிச் சொல்லவும் இல்லை. திறந்தால் ரெய்யோ. கையில் ஒரு காகிதப் பை நிறையப் பட்டாணிக் காய்கள். காலணியைக் கழற்றிவிட்டு, பெருவிரல் ஓட்டை தெரியும் காலுறையோடு கூடத்துக்குள் வந்தான். ஜமக்காளத்தின் ஓரத்தில் தயங்கினான். சுவரை ஒட்டிச் சுற்றிப் போக எத்தனித்தான்.

"மிதிச்சுக்கிட்டே வா," என்றாள் மார்கெத்தா. அவளே முன்னால் அதன்மேல் நடந்துபோய்ச் சோபாவில் உட்கார்ந்தாள்.

ரெய்யோ குனிந்து, தன் பச்சைக் கோட்டைத் தேடிக் கண்டுபிடித்து, அதன்மேல் ஒரு காலை அழுத்தமாக ஊன்றினான். பிறகு நிமிர்ந்து பார்த்தான். கூடத்தில் இரண்டு சாய்வு நாற்காலிகள் காலியாகக் கிடந்தன. அவன் அவற்றைத் தாண்டி வந்து, சோபாவில் அவள் பக்கத்தில் உட்கார்ந்து, பட்டாணிப் பையை நடுவில் வைத்தான்.

"அந்த மஞ்சக் கோடு," என்றான். "அது எந்தச் சட்டை?"